நூறு மீட்டருக்கு உள்ளேயும் வெளியேயும்: வண்ணாரப்பேட்டையின் பழைய மதிலும் பழைய வீடுகளும்

சென்ட்ரல் பக்கம் போகிற யாரும் வால்டாக்ஸ் ரோட்டைத் தவிர்க்க முடியாது. பஸ் கண்டக்டர் "வால்டாக்ஸ்" என்று ஒரே சொல்லாகச் சொல்லிவிடுவார். பிரித்துப் பார்த்தால் "வால்" என்பது மதில், "டாக்ஸ்" என்பது வரி. ஊரைச் சுற்றிக் கட்டிய மதிலுக்கான செலவை ஊர்க்காரர்களிடமே வரியாக வாங்கலாம் என்று கம்பெனி போட்ட திட்டம் அது. வரி வசூலாகவில்லை, பெயர் மட்டும் 250 வருஷமாக நிற்கிறது. மதிலும் பெரும்பாலும் போய்விட்டது. மிச்சமிருக்கும் ஒரு முக்கியமான துண்டு எங்கள் ஏரியாவில், பழைய வண்ணாரப்பேட்டையில், பழைய ஜெயில் ரோட்டை ஒட்டி இருக்கிறது. மதிலின் மேலேயே பூங்கா அமைத்ததால் அதற்கு 'மாடிப் பூங்கா' என்று பெயர்.

இந்த மதில் மத்திய அரசின் தொல்லியல் துறை பாதுகாக்கும் நினைவுச் சின்னம். அதனால் சுற்றியுள்ள தெருக்களில் வீடு வைத்திருப்பவர்கள் பலருக்கும் ஒரு பயம் உண்டு. புரோக்கர்களிடம் கேட்டால் "அது ஏ.எஸ்.ஐ. லிமிட் சார், கை வைக்க முடியாது" என்பார்கள். இந்தப் பதிவு அந்த வாக்கியத்தைப் பற்றியது. சட்டம் உண்மையில் என்ன சொல்கிறது, எதைக் காப்பாற்றுகிறது, எதைக் கண்டுகொள்ளாமல் விடுகிறது என்று வரிசையாகப் பார்க்கலாம். கொஞ்சம் நீளம்தான், டீ எடுத்துக்கொண்டு உட்காருங்கள்.

மதில் ஏன் வந்தது?

1746-ல் பிரெஞ்சுக்காரர்கள் புனித ஜார்ஜ் கோட்டையைப் பிடித்தார்கள். அப்போது கோட்டையின் வடக்குச் சுவரை ஒட்டியே இந்தியர்கள் வாழ்ந்த 'கருப்பர் நகரம்' இருந்தது. இன்றைய உயர் நீதிமன்ற வளாகம் இருக்கும் இடம். கோட்டைக்கு இவ்வளவு பக்கத்தில் வீடுகள் இருந்தால் எதிரி அவற்றின் மறைவில் நின்று சுட முடியும். எனவே பிரெஞ்சுக்காரர்கள் ஒரு பகுதியை இடித்தார்கள். உடன்படிக்கைப்படி 1749-ல் ஊர் ஆங்கிலேயர் கைக்குத் திரும்பியது. திரும்பி வந்தவர்களும் அதே கணக்கைப் போட்டு மிச்சத்தை இடித்தார்கள். ஊர் வடக்கே நகர்ந்து முத்தியால்பேட்டை, பெத்தநாயக்கன்பேட்டை என்று வளர்ந்தது. இன்றைய ஜார்ஜ் டவுன் அதுதான். (அந்தப் பெயர் 1906-ல் வந்தது, இளவரசர் ஜார்ஜ் வந்துபோன பிறகு.)

1758-59-ல் லாலியின் படை புதிய ஊருக்குள் புகுந்து அங்கிருந்தே கோட்டையை முற்றுகையிட்டது. 1767-ல் மைசூர்க் குதிரைப்படை சென்னையின் சுற்றுப்புறங்களைச் சூறையாடியது. 1769-ல் ஹைதர் அலியே பரங்கிமலை வரை வந்து உடன்படிக்கை எழுத வைத்தார். அதற்குப் பிறகுதான் கம்பெனிக்கு ஊரைச் சுற்றி முழு மதில் தேவை என்ற எண்ணம் உறுதியானது. கிழக்கே கடல், தெற்கே கோட்டை. மேற்கிலும் வடக்கிலும் மதில். மேற்கு மதிலை ஒட்டிய பாதை வால்டாக்ஸ் ரோடு ஆனது. வடக்கு மதில் எங்கள் பக்கம் வந்தது. மதிலில் வைத்த வாசல்களில் ஒன்றின் பெயர் இன்னும் புழக்கத்தில் இருக்கிறது: யானைக்கவுனி. கவுனி என்றால் கோட்டை வாசல்.

கட்டும் வேலையை எடுத்தவர் பால் பென்ஃபீல்டு. கம்பெனி ஊழியராக வந்து, காண்டிராக்டராகி, ஆற்காட்டு நவாபுக்கு வட்டிக்குப் பணம் கொடுத்துப் பெரும் பணக்காரரானவர். 1768-ல் எழுந்த சேப்பாக்கம் அரண்மனையையும் கட்டியவர் என்று சொல்லப்படுபவர். 1785-ல் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் எட்மண்ட் பர்க் நவாபின் கடன்களைப் பற்றிப் பேசியபோது கடுமையாகத் தாக்கிய ஆட்களில் முக்கியமானவர் இவர். நாம் மாடிப் பூங்காவில் காலாற நடப்பது அவருடைய காண்டிராக்ட் வேலையின் மேல்.

மதில் கட்டியதோடு நிற்கவில்லை. கோட்டைக்கும் ஊருக்கும் நடுவில் வெட்டவெளி காலியாகவே இருக்க வேண்டும் என்று 1773-ல் எல்லைத் தூண்கள் ஆறு நட்டார்கள். தூணுக்கு உள்பக்கம் யாரும் எதுவும் கட்டக்கூடாது. அதில் ஒன்று பாரிமுனையில் டேர் ஹவுஸ் மூலையில் இன்னும் நிற்கிறது. அடுத்த தடவை அந்தப் பக்கம் போனால் பாருங்கள். இந்தத் தூணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

மதிலுக்கு வெளியே ஒரு பேட்டை

வண்ணாரப்பேட்டை மதிலுக்கு வடக்கே வளர்ந்த ஊர். கம்பெனியின் முதன்மை வியாபாரம் துணி. துணி என்றால் நெசவு மட்டும் இல்லை. வெளுப்பது, கஞ்சி போடுவது, சாயம் ஏற்றுவது எல்லாம் உண்டு. நெசவாளர்களைக் காலடிப்பேட்டையிலும் சிந்தாதிரிப்பேட்டையிலும் குடியேற்றிய அதே வியாபாரம்தான் துணி வெளுப்பவர்களின் பேட்டையையும் உண்டாக்கியது. இன்றும் எம்.சி. ரோட்டில் தீபாவளிக்கு நிற்க இடம் இருக்காது. தொழில் மாறிவிட்டது, ஆனால் துணி போகவில்லை.

1856-ல் ராயபுரத்தில் தென்னிந்தியாவின் முதல் ரயில் நிலையம் திறந்தது. ரயில், துறைமுகம், கிடங்கு, ஆலை என்று பணம் சுற்ற ஆரம்பித்தபோது இந்தப் பக்கம் வியாபாரிகளும் துபாஷிகளும் குமாஸ்தாக்களும் நல்ல வீடுகளாகக் கட்டிக்கொண்டார்கள். நான் பல வருஷமாகக் குறிப்பெடுத்து வருவது அந்த வீடுகளைப் பற்றித்தான். அரண்மனை கிடையாது, பங்களாவும் கிடையாது. தெருவோடு ஒட்டி, இரண்டு பக்கமும் அடுத்த வீட்டோடு சுவரைப் பகிர்ந்து, அகலம் குறைந்து நீளம் நிறைந்த டவுன் வீடுகள்.

ஒரு வீட்டைப் பிரித்துப் பார்த்தால்

தெருவிலிருந்து இரண்டு மூன்று கருங்கல் படி. ஏறினால் திண்ணை, அதில் கல் தூணோ மரத் தூணோ. அடுத்து ரேழி. அதைத் தாண்டினால் முற்றம், சுற்றிலும் தாழ்வாரம், ஒரு பக்கம் கூடம். பின்னால் சமையல்கட்டு, கிணறு, கொல்லை. காற்றும் வெளிச்சமும் முற்றத்தின் வழியாக மட்டுமே வரும், ஏனென்றால் பக்கச் சுவர்களில் ஜன்னல் வைக்க வழியில்லை. முற்றத்தை மூடி ரூம் எடுத்த வீடுகளில் பகலிலேயே லைட் எரியும். முற்றம் ஏன் இருந்தது என்று அங்கே போய் நின்றால் புரிந்துவிடும்.

படிக்கும் தூணுக்கும் வந்த கருங்கல்லுக்கே ஒரு கதை இருக்கிறது. பல்லாவரம், பரங்கிமலைப் பக்கத்துக் குன்றுகளில் கிடைக்கும் அந்தக் கருமையான கல்லுக்கு நிலவியலில் 'சார்னோக்கைட்' என்று பெயர். கல்கத்தாவில் ஜாப் சார்னோக் என்ற கம்பெனிக்காரரின் கல்லறைக் கல் இதே வகை. அதைப் பார்த்துத்தான் நிலவியலாளர் ஹாலண்டு 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் இந்தப் பெயரை வைத்தார். கல் நம்மூருடையது, பெயர் கல்கத்தாவில் புதைக்கப்பட்டவருடையது.

சுவர், செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும். சுண்ணாம்பு கிளிஞ்சலைச் சுட்டு எடுத்தது. எண்ணூரிலிருந்து பழவேற்காடு வரை உப்பங்கழிகளில் கிளிஞ்சலுக்குப் பஞ்சமில்லை. கடுக்காய்த் தண்ணீரும் வெல்லமும் சேர்த்து அரைத்த சாந்து மெதுவாகத்தான் இறுகும், ஆனால் இறுகியபின் நன்றாகப் பிடித்துக்கொள்ளும். மேல்பூச்சைத் தேய்த்துத் தேய்த்துப் பளிங்கு மாதிரி ஆக்குவார்கள். 'மெட்ராஸ் சுண்ணாம்பு' என்று வெள்ளைக்காரர்கள் ஊருக்குக் கடிதம் எழுதி வியந்தது இதைத்தான்.

கூரைதான் உச்சம். 'மெட்ராஸ் டெரஸ்' என்று சிவில் இன்ஜினியரிங் பாடப் புத்தகங்களில் இன்னும் இருக்கிறது. முதலில் தேக்கு உத்திரம், அதன்மேல் நெருக்கமாகத் தேக்குச் சட்டங்கள். சட்டங்களின் மேல் ஆறு அங்குல நீளம், மூன்று அங்குல அகலம், ஒரு அங்குலக் கனம் கொண்ட சின்னச் செங்கற்களைப் படுக்கவைக்காமல் விளிம்பில் நிறுத்தி, மூலைவாட்டில், சுண்ணாம்புச் சாந்தில் பதிப்பார்கள். அது இறுகியதும் மேலே செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த கலவையை மூன்று அங்குலத்துக்குப் பரப்புவார்கள். பிறகு மூன்று நாள் மரக்கட்டையால் அடி, அடி, அடி. வரிசையாக உட்கார்ந்து பெண்கள் அடிப்பார்கள், தாளம் தவறாது. நடுநடுவே கடுக்காய் வெல்லத் தண்ணீர் தெளிப்பார்கள். கடைசியில் மேலே தட்டோடு. கம்பி கிடையாது, சிமெண்ட் கிடையாது, ஆனால் நூறு வருஷத்துக்கு மேல் நின்ற கூரைகள் இருக்கின்றன.

எழுபதைத் தாண்டிய ஒரு கொத்தனாரிடம், இந்தக் கூரைகள் இப்போது மட்டும் ஏன் ஒழுகுகின்றன என்று கேட்டேன். "செவுத்துக்கு மூச்சு இருக்குது தம்பி. அது மேல நீங்க சிமெண்ட் பூசிட்டீங்க. உள்ள போன தண்ணி எங்க போவும்? மரத்துக்குத்தான் போவும்" என்றார். இதற்குமேல் விளக்கம் தேவையில்லை. சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை வாங்கி, வெயில் வந்ததும் வெளியே விட்டுவிடும். கடல் பக்கத்து ஊரில் அந்த ஈரத்தில் உப்பும் இருக்கும். மேலே சிமெண்ட் பூசினால் ஈரம் வெளியே வர வழியில்லை. உப்பு உள்ளேயே பூத்து, பூச்சு பொரிந்து விழும். சட்டங்களின் முனைகள் சுவருக்குள் புதைந்திருக்கும் இடத்தில் அழுகும். கூரை தொங்கும். "பழைய வீடு, ஆயுசு முடிஞ்சுது" என்று இடிப்பார்கள். முடிந்தது வீட்டின் ஆயுள் என்று தோன்றும், ஆனால் பிரச்சினை முப்பது வருஷத்துக்கு முன் யாரோ நல்ல எண்ணத்தில் செய்த ரிப்பேர்.

சட்டம் மூன்று விதமாகப் பார்க்கிறது

இப்போது சட்டத்துக்கு வருவோம். சென்னையில் ஒரு பழைய கட்டிடம் மூன்று நிலைகளில் ஒன்றில் இருக்கும். ஒவ்வொன்றுக்கும் ஒரு உதாரணம் எடுத்துக்கொள்கிறேன்.

முதல் நிலைக்குக் கோட்டைக்குள் இருக்கும் கிளைவ் ஹவுஸ். அட்மிரால்டி ஹவுஸ் என்றும் பெயர். அதுவும் அடிப்படையில் ஒரு டவுன் வீடுதான். ஒரு ஆர்மீனிய வியாபாரக் குடும்பத்துடையது. 1749-க்குப் பிறகு ஆங்கிலேயர்கள், பிரெஞ்சுக்காரர்களுக்கு உதவியதாகச் சந்தேகப்பட்டு, கத்தோலிக்கர்களும் ஆர்மீனியர்களும் கோட்டைக்குள் வீடு வைத்திருக்கக்கூடாது என்று ஆக்கினார்கள். வீடு கைமாறியது. 1753-ல் புனித மேரி தேவாலயத்தில் கல்யாணம் செய்துகொண்ட ராபர்ட் கிளைவ் சில காலம் இதில் குடியிருந்தார். இன்று அது பாதுகாக்கப்பட்ட நினைவுச் சின்னம். தொல்லியல் துறையின் சென்னை வட்ட அலுவலகமே அதில்தான் இயங்கியது. கட்டியவர்கள் பெயர் வீட்டில் இல்லை, வாடகைக்கு இருந்தவர் பெயரில் வீடு நிற்கிறது. போகட்டும், நிற்கிறதே.

இந்த நிலைக்கான சட்டம் 1904-ல் கர்சன் காலத்தில் வந்தது. அதன் வாரிசு 1958-ஆம் வருடச் சட்டம். நூறு வருஷமாவது பழமையானது, தேசிய முக்கியத்துவம் உள்ளது என்று அரசு அறிவித்தால் அது பாதுகாக்கப்பட்ட சின்னம். நாடு முழுக்கச் சுமார் 3,700 இருக்கின்றன. எங்கள் மதில் துண்டும் அதில் ஒன்று. மாநில அரசுக்கும் இதேபோல 1966-ஆம் வருடச் சட்டம் ஒன்று உண்டு.

இரண்டாவது நிலைக்கு மவுண்ட் ரோடு பாரத் இன்ஷூரன்ஸ் கட்டிடம். 1897-ல் டபிள்யூ.ஈ. ஸ்மித் என்ற மருந்துக் கம்பெனிக்காகக் கட்டியது, அப்போதைய பெயர் கார்டில் பில்டிங். பின்னால் பாரத் இன்ஷூரன்ஸ் வாங்கியது, காப்பீடு தேசியமயமானதும் எல்.ஐ.சி.க்கு வந்தது. 2006-ல் இடிக்கும் வேலை ஆரம்பித்தது. இன்டாக் அமைப்பு நீதிமன்றம் போனது. 2010 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றம் இடிக்கக்கூடாது என்று தீர்ப்பளித்தது.

இந்த வழக்கில் எனக்கு சுவாரசியமாகப் பட்டது, அந்தக் கட்டிடம் எந்தத் தொல்லியல் பட்டியலிலும் பாதுகாக்கப்பட்டதாக இல்லை. பிறகு எதை வைத்துக் காப்பாற்றினார்கள்? விளம்பரப் பலகை விவகாரத்தில் நீதிமன்றம் நீதிபதி பத்மநாபன் தலைமையில் ஒரு குழு போட்டிருந்தது. எந்தெந்தக் கட்டிடங்களை ஹோர்டிங் மறைக்கக்கூடாது என்று பார்ப்பதற்காக அந்தக் குழு 467 பாரம்பரியக் கட்டிடங்களைப் பட்டியலிட்டிருந்தது. அந்தப் பட்டியல்தான் ஆதாரமாக நின்றது. அதாவது, சென்னையின் முதல் பெரிய பாரம்பரியக் கட்டிடப் பட்டியலுக்குச் சட்ட பலம் வந்தது ஹோர்டிங் புண்ணியத்தில்! தீர்ப்பையொட்டி சி.எம்.டி.ஏ.வில் பாரம்பரியப் பாதுகாப்புக் குழு அமைந்தது. 2012-ல் சட்டமன்றம் தமிழ்நாடு பாரம்பரிய ஆணையச் சட்டத்தை நிறைவேற்றியது. ஆணையம் அமைய அதற்கு மேலும் பத்து வருஷத்துக்கு மேல் ஆனது.

இந்த நிலையின் பலவீனத்தையும் மவுண்ட் ரோடு போனால் பார்க்கலாம். தீர்ப்பு இடிப்பதைத் தடுத்தது. அதைத் தாண்டிக் கட்டிடம் பழைய பொலிவுக்குத் திரும்பிவிடவில்லை. "இடிக்காதே" என்பது ஒரு நாள் வேலை, "பராமரி" என்பது தினசரி வேலை. முதலாவதற்கு உத்தரவு போதும், இரண்டாவதற்குப் பணமும் ஆளும் வேண்டும்.

மூன்றாவது நிலை, எங்கள் தெரு வீடுகள். எந்தப் பட்டியலிலும் இல்லை. கிளைவ் குடியிருக்கவில்லை. கோபுரமோ குவிமாடமோ இல்லை. இவற்றுக்குச் சட்டத்தில் பெயரே இல்லை. ஆனால் ஒரு ஊர் எப்படி வாழ்ந்தது என்று தெரிய வேண்டுமென்றால் பார்க்க வேண்டியது இவற்றைத்தான்.

நூறு மீட்டர் கணக்கு

பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சுற்றி 100 மீட்டர் தடை செய்யப்பட்ட பகுதி, அதற்கு அப்பால் 200 மீட்டர் ஒழுங்குபடுத்தப்பட்ட பகுதி. 1992 ஜூன் 16-ல் அறிவிக்கையாக வந்த இது 2010 திருத்தத்தில் சட்டத்துக்குள்ளேயே ஏறியது. மீறினால் 2 வருஷம் வரை சிறை, அல்லது 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டுமே.

நூறு மீட்டர் கேட்கச் சின்னதாக இருக்கும். கணக்குப் போடுவோம். ஒரே ஒரு புள்ளியைச் சுற்றி 100 மீட்டர் வட்டம் என்றால் பரப்பு 31,416 சதுர மீட்டர். நம் கணக்கில் சுமார் 141 கிரவுண்டு. 300 மீட்டர் வட்டம் என்றால் 1,268 கிரவுண்டு. மதில் புள்ளி இல்லை, நீளமான துண்டு. அளவை அதன் விளிம்பிலிருந்து எடுக்க வேண்டும் என்பதால் பரப்பு இன்னும் கூடும். வயல் நடுவே இருக்கும் ஒரு குடைவரைக் கோவிலுக்கு இது பொருந்தும். வடசென்னையில் 141 கிரவுண்டில் எத்தனை குடும்பம் இருக்கும் என்று உங்களுக்கே தெரியும்.

இப்போது அந்த 1773 தூணை நினைவுக்குக் கொண்டுவாருங்கள். அன்றைக்குப் பீரங்கிக் குண்டு போகும் வழி மறையக்கூடாது என்று கம்பெனி கோடு போட்டது. இன்றைக்குப் பழைய மதிலைச் சுற்றிய இடம் கெடக்கூடாது என்று நாம் கோடு போடுகிறோம். நோக்கம் நேர் எதிர். ஆனால் கோட்டுக்குள் இருக்கும் வீட்டை இரண்டு கோடுகளுமே ஒரே மாதிரி பார்க்கின்றன: இடைஞ்சலாக. அந்த வீட்டுக்கும் மதிலுக்கும் கிட்டத்தட்ட ஒரே சுண்ணாம்பு, ஒரே மாதிரி செங்கல் என்பது எந்தக் கோட்டுக்கும் தெரியாது.

நடைமுறையில் என்ன நடக்கிறது? எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம், வீடு வட்டத்துக்குள். மெட்ராஸ் டெரஸ் ஒரு மூலையில் இறங்கிவிட்டது. புதிதாக அடுக்குமாடி கட்ட முடியாது, எனவே பில்டர் யாரும் வரவில்லை. "ரிப்பேரும் பண்ணக்கூடாதாம்" என்று யாரோ சொன்னதை நம்பி ஆறு மழைக்காலமாகத் தார்ப்பாய் போட்டுச் சமாளிக்கிறார்கள். வட்டத்துக்கு வெளியே, அதே காலத்து இன்னொரு வீடு கைமாறியது. பத்து நாளில் தரைமட்டம். தேக்கும் கல்தூணும் தனித்தனியாக லாரி ஏறிப் போயின, பழைய மரச் சாமான் வியாபாரிகளுக்கு நல்ல விலை. உள்ளே இருப்பது மெதுவாகச் சாகிறது, வெளியே இருப்பது சட்டென்று சாகிறது. இரண்டுக்கும் சட்டம் சாட்சி, அவ்வளவுதான்.

ஆனால் அந்தக் குடும்பம் கேள்விப்பட்டது தவறு. இந்தப் பதிவை எழுதத் தூண்டியதே அதுதான், கவனமாகப் படியுங்கள். 2010 திருத்தத்தின் பிரிவு 20சி தெளிவாகச் சொல்கிறது: தடை செய்யப்பட்ட 100 மீட்டருக்குள்ளேயே இருந்தாலும், 1992 ஜூன் 16-க்கு முன்பிருந்த கட்டிடத்தின் உரிமையாளர் பழுதுபார்ப்புக்கும் புதுப்பிப்புக்கும் விண்ணப்பிக்கலாம். புதிதாகக் கட்டுவதற்கும் இடித்துவிட்டு மறுபடி கட்டுவதற்கும்தான் அங்கே வழியில்லை. அடுத்த 200 மீட்டரில் புதுக் கட்டுமானத்துக்கும் மறுகட்டுமானத்துக்கும்கூட விண்ணப்பிக்கலாம். நூறு வயசு வீட்டுக்கு 1992-க்கு முன் இருந்ததை நிரூபிப்பது கஷ்டமா? பழைய பத்திரம், சொத்துவரி ரசீது, மின் இணைப்பு ஆவணம், ஏதாவது ஒன்று பீரோவில் இருக்கும்.

காலக்கெடுவும் சட்டத்திலேயே உண்டு. விண்ணப்பம் வந்த 15 நாளுக்குள் தகுதி பெற்ற அதிகாரி அதைத் தேசிய நினைவுச் சின்னங்கள் ஆணையத்துக்கு அனுப்ப வேண்டும். ஆணையம் 2 மாதத்துக்குள் பரிந்துரை சொல்ல வேண்டும். அது வந்த 1 மாதத்துக்குள் அதிகாரி அனுமதி தரவோ மறுக்கவோ வேண்டும். ஆக நாலு மாதத்துக்குள். அரசு அலுவலகக் காலம் வேறு, காலண்டர் காலம் வேறு என்பது எனக்கும் தெரியும். ஆனாலும் ஆறு மழைக்காலத்தைவிட அது குறைவுதான்.

அதே திருத்தத்தில் இன்னொரு நல்ல விஷயம் இருக்கிறது. ஒவ்வொரு சின்னத்துக்கும் தனித்தனியாகப் பாரம்பரிய உபவிதிகள் எழுத வேண்டும்: சுற்றியுள்ள கட்டிடங்களின் உயரம், முகப்பு, வடிகால் இதெல்லாம் எப்படி இருக்கலாம் என்று. எல்லா ஊருக்கும் ஒரே வட்டம் என்பதிலிருந்து அந்தந்தத் தெருவைப் பார்த்து எழுதிய விதிக்குப் போகும் வழி அது.

இன்னொரு பக்க வாதத்தையும் சொல்ல வேண்டும். 2018-ல் மக்களவை, பொதுப்பணிகளுக்காகத் தடைப் பகுதியில் கட்ட அனுமதிக்கும் திருத்த மசோதாவை நிறைவேற்றியது. மாநிலங்களவையில் அது தேர்வுக் குழுவுக்குப் போனது. நூறு மீட்டரை மொத்தமாகத் தளர்த்தினால் என்ன ஆகும் என்ற பயம் நியாயமானது. உயர் நீதிமன்ற வளாகத்தில் 17-ஆம் நூற்றாண்டுக் கல்லறை ஒன்று இருக்கிறது. கவர்னர் எலிஹு யேலின் மகன் டேவிட்டும் ஜோசப் ஹின்மர் என்பவரும் அடக்கமான இடம். அதுவும் பாதுகாக்கப்பட்ட சின்னம். 2023-ல் தனி நீதிபதி ஒருவர் அதை வேறு இடத்துக்கு மாற்றச் சொல்லி உத்தரவிட்டார், விஷயம் மேல்முறையீட்டுக்குப் போனது. இடம் தேவை என்று வந்தால் முதலில் கண்ணில் படுவது பழைய கட்டிடம்தான். ஆகவே தளர்த்து என்று நான் சொல்லவில்லை. வட்டத்துக்குள் இருக்கும் பழைய வீட்டைப் பிரச்சினையாகப் பார்க்காமல், மதிலின் துணையாகப் பார்க்கும் விதி வேண்டும் என்கிறேன்.

மற்ற ஊர்களில்

புதுச்சேரி பக்கம்தான். அங்கே பிரெஞ்சுத் தெருக்கள் சினிமாவில் வரும். ஆனால் தமிழ்த் தெருக்களின் கதை நமக்கு இன்னும் உபயோகமானது. வைசியாள் வீதியில் ஐரோப்பிய உதவியோடு, இன்டாக் வழிகாட்டலில், வரிசையாக வீட்டு முகப்புகளைப் புதுப்பித்தார்கள். செலவில் ஒரு பங்கு திட்டத்திலிருந்து, ஒரு பங்கு உரிமையாளர் கையிலிருந்து. திண்ணையும் தெருத் தாழ்வாரமும் திரும்பி வந்தன. 2008-ல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் விருது கிடைத்தது. அரண்மனைக்கு இல்லை, சாதாரணத் தமிழ் வீடுகள் நிற்கும் ஒரு தெருவுக்கு.

மும்பை 1995-லேயே பாரம்பரிய விதிமுறை கொண்டுவந்தது. கட்டிடங்களை மூன்று தரமாகப் பிரித்தார்கள். கட்ட முடியாமல் போகும் தளப் பரப்பை வேறு இடத்துக்கு மாற்றி விற்கும் உரிமையும் வைத்தார்கள். உரிமையாளருக்கு நஷ்டம் குறைகிறது, வீடும் நிற்கிறது.

பினாங்கின் ஜார்ஜ் டவுன் வேறு பாடம். நம் தமிழ் முஸ்லிம் வியாபாரிகளும் செட்டியார்களும் வாழ்ந்த கடைவீடுகள் நிறைந்த ஊர். வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் பல ஆண்டுகள் வாடகையை உறைய வைத்திருந்தது. அதனால் உரிமையாளர்கள் இடிக்கவுமில்லை, செலவழிக்கவுமில்லை. 2000-ல் கட்டுப்பாடு போனதும் குடித்தனக்காரர்கள் வெளியேற வேண்டியிருந்தது. 2008-ல் உலகப் பாரம்பரியத் தகுதி வந்தது, கட்டிடங்கள் பிழைத்தன, பழைய ஆட்கள் பலர் அங்கே இல்லை. நமக்கும் 1960-ன் வாடகைச் சட்டம் இருந்தது, 2019-ல் புதுச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. வீட்டைக் காப்பாற்றும்போது வீட்டில் இருப்பவரையும் கணக்கில் வைக்க வேண்டும் என்பது பினாங்கிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டிய விஷயம்.

நாம் என்ன செய்யலாம்?

சட்டம் மாறும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. என் வரையில் நாலு விஷயம் சொல்வேன்.

ஒன்று, உங்கள் வீடு வட்டத்துக்குள் இருக்கிறதா என்று புரோக்கரிடம் கேட்காதீர்கள், அளந்து பாருங்கள். மதிலின் எல்லையிலிருந்து எத்தனை மீட்டர் என்பது போனில் மேப் திறந்தாலே ஓரளவு தெரிந்துவிடும். எல்லையோரமாக இருந்தால் அதிகாரபூர்வமாகக் கேட்டு எழுத்தில் வாங்குங்கள்.

இரண்டு, உள்ளே இருந்தால் பழுதுபார்ப்புக்கு விண்ணப்பியுங்கள். "முடியாது" என்று யாராவது சொன்னால் பிரிவு 20சி என்று சொல்லுங்கள்.

மூன்று, ரிப்பேர் செய்யும்போது சுண்ணாம்பு தெரிந்த ஆளைத் தேடுங்கள். செட்டிநாட்டுப் பக்கத்திலும் புதுச்சேரியிலும் இன்னும் இருக்கிறார்கள். மொத்த வீட்டையும் செய்ய முடியாவிட்டால் கூரை மூலையையும் மழைநீர்க் குழாயையும் மட்டும் சரிசெய்யுங்கள். தண்ணீர் நின்றுவிட்டால் வீடு இன்னும் இருபது வருஷம் தாங்கும்.

நான்கு, இடிப்பதைத் தடுக்க முடியாத வீட்டை, இடிக்கும் முன் அளந்துவிடுங்கள். ஒரு லேசர் மீட்டர் இரண்டாயிரம் ரூபாய்க்குக் கிடைக்கும். திண்ணை அகலம், முற்றத்தின் நீள அகலம், தூணின் உயரம், சட்டங்களுக்கு நடுவே இடைவெளி, செங்கல் அளவு. நாற்பது படம். அரை நாள் வேலை. நான் இதுவரை இப்படி எடுத்த வீடுகளில் சில இப்போது என் ஹார்டு டிஸ்கில் மட்டும்தான் இருக்கின்றன.

அந்தத் தார்ப்பாய்க் குடும்பத்துக்குச் சட்டப் பிரிவை அச்செடுத்துக் கொடுத்திருக்கிறேன். வீட்டுப் பெரியவர் பீரோவைக் குடைந்து 1970-களின் வரி ரசீது ஒன்றைத் தேடி எடுத்துவிட்டார். விண்ணப்பம் தயாராகிறது. ஐப்பசி மழைக்கு முன் பதில் வருமா தெரியாது. வந்தால் என்ன சொன்னார்கள், எத்தனை நாள் ஆனது, என்னென்ன கேட்டார்கள் என்று அடுத்த குறிப்பில் தேதிவாரியாக எழுதுகிறேன். அதே வட்டத்துக்குள் இருக்கும் மற்ற வீட்டுக்காரர்களுக்கு அது உபயோகப்படும்.